கிட்டிடாஸுக்குக் கிழக்கே அது எந்த அளவுக்குப் பாதை?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் உங்கள் நண்பரும் வாஷிங்டன் மாநிலத்தின் பலூஸ் டு காஸ்கேட்ஸ் பாதையில் நார்த் பெண்டிலிருந்து எலன்ஸ்பர்க் வரை சைக்கிளில் சிரமமில்லாமல் சென்று வந்திருக்கிறீர்கள். ஆகஸ்ட் நடுவில் கிடைக்கும் நான்கு நாள் விடுப்பில், அதே 40 மில்லிமீட்டர் டயர் போட்ட கிராவல் சைக்கிள்களில் (மண், ஜல்லிச் சாலைக்கான சைக்கிள்), எலன்ஸ்பர்க்குக்குச் சற்றுக் கிழக்கே உள்ள கிட்டிடாஸில் தொடங்கி ஐடஹோ எல்லையை ஒட்டிய டீகோ வரை போய்ச் சேர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, கிழக்குப் பகுதி செப்பனிடப்படாதது என்று வரைபடத்தில் குறித்திருப்பதற்கு, வேகம் குறையும் என்பதற்கு மேல் ஏதாவது பொருள் உண்டா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். என் பார்வையில் அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டால் நான்கு நாள் போதுமா, டயர் போதுமா என்பதெல்லாம் தானாகவே தெளிந்துவிடும்.

நான் ரயில் தடப் பராமரிப்பில் பல ஆண்டுகள் பொறியாளராக வேலை பார்த்தவன். தண்டவாளம் போன பிறகு பழைய தடங்களில் சைக்கிள் ஓட்டுவது பிற்பாடு பிடித்த பழக்கம். இந்தப் பாதையின் கிழக்குப் பாதியை வெவ்வேறு பருவங்களில், துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறேன். என் சுருக்கமான பதில் இது: ஆகஸ்டில், நான்கு நாளில், அந்த டயரில் வேண்டாம். உங்கள் கால்வலுவில் எனக்குச் சந்தேகமில்லை. கிழக்கே பாதை முழுமையடையாமல் இருப்பது ஒரே வகையில் அல்ல. சில இடங்களில் தரை மட்டுமே செப்பனிடப்படவில்லை. சில இடங்களில் பாலமோ சுரங்கமோ இல்லை, அல்லது இருந்தும் மூடப்பட்டிருக்கிறது. வேறு சில இடங்களில் நிலமே பொதுமக்களுடையதல்ல. முதல் வகையைப் பொறுமையும் நல்ல டயரும் சமாளிக்கும். இரண்டாவதற்குச் சுற்றுவழி தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதில் எந்தத் திறமையும் உதவாது, உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான். வரைபடத்தில் மூன்றும் ஒரே கோடாகத் தெரிவதுதான் சிக்கல்.

இது ஏன் இப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றவை புரியும். இது மில்வாக்கி ரோடு என்று அழைக்கப்பட்ட ரயில் நிறுவனம் பசிபிக் கரையை எட்டுவதற்காகப் போட்ட தடம். வேலை 1909-இல் முடிந்தது. 1977-இல் நிறுவனம் திவாலாகி, 1980-இல் மேற்குப் பகுதித் தடங்களைக் கைவிட்டது. ஓடாத ரயில் தடத்தை எதிர்காலத் தேவைக்காக என்று முழுசாகக் காத்து, அதுவரை நடைபாதையாகப் பயன்படுத்த இடமளிக்கும் சட்டத் திருத்தம் அமெரிக்காவில் வந்தது 1983-இல். அதாவது இந்தத் தடம் கைவிடப்பட்டபோது அந்தப் பாதுகாப்பு இல்லை. ரயில் நிறுவனம் முழு உரிமையோடு வாங்கியிருந்த துண்டுகள் விற்பனைக்குப் போயின. வழி உரிமை மட்டும் பெற்றிருந்த துண்டுகள் அக்கம்பக்க நிலத்தாரிடம் திரும்பின. மாநிலம் கைக்கெட்டியதை வாங்கி, ஏறத்தாழ 460 கி.மீ. நீளத்துக்கு ஒரு பாதையாகக் கோக்க முயன்றது. மக்கள் அதிகம் வரும் மேற்குப் பக்கத்துக்கு முதலில் பணம் போனது, அது இயல்பு. ஆகவே, நீங்கள் ஓட்டிய பகுதியும் இனி ஓட்ட நினைக்கும் பகுதியும் பெயரளவில்தான் ஒரே பாதை. அந்தப் பெயரும் 2018-இல் வைத்ததுதான். அதற்கு முன் அது ஜான் வெய்ன் முன்னோடிப் பாதை என்று இருந்தது, பழைய பலகைகளைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

முதலில் தரை. ரயில் தடத்தின் அடியில் கொட்டப்படும் ஜல்லி சாலைக்குப் போடும் ஜல்லியைப் போன்றதல்ல. ஏறக்குறைய இரண்டிலிருந்து ஆறு சென்டிமீட்டர் அளவில், கூரான முனைகளோடு உடைத்த கல்லையே தேர்ந்தெடுப்போம். தூளும் மண்ணும் கலந்திருந்தால் சலித்து ஒதுக்குவோம். கற்களுக்கு இடையே வெற்றிடம் இருந்தால்தான் மழைநீர் வடியும், முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால்தான் சிலீப்பர் கட்டை நகராது. மேலே கட்டையும் தண்டவாளமும் ரயிலின் எடையும் இருக்கும்வரை அந்தக் கோப்பு நிற்கும். அவற்றை எடுத்துவிட்டால் எஞ்சுவது, ஒட்டாத கூர்ங்கல் குவியல். சைக்கிள் டயர் தரையைத் தொடும் பரப்பு பல சமயங்களில் அடியில் உள்ள ஒரு கல்லைவிடச் சிறியது. அதனால் சக்கரம் தரையின் மேல் ஓடுவதில்லை, ஒவ்வொரு கல்லையும் புரட்டிவிட்டு ஓடுகிறது. நீங்கள் மிதிப்பதில் பாதி கல்லை நகர்த்தவே போய்விடும். செப்பனிட்ட பகுதியில் இதன் மேல் கிரஷர் தூள் கலந்த பொடி ஜல்லியைப் பரப்பி உருளையால் அழுத்தியிருப்பார்கள். நார்த் பெண்டிலிருந்து நீங்கள் ஓட்டியது அந்த மேல்பூச்சின் மீது. கிட்டிடாஸுக்குக் கிழக்கே நெடுந்தூரம் அந்தப் பூச்சு இல்லை. இருந்த கற்களின் இடைவெளியில் காற்று கொண்டுவந்த மணல் நிரம்பி இறுகிய இடங்கள் நன்றாகவே இருக்கும். நிரம்பாத இடங்களில் கல். அளவுக்கு மீறி நிரம்பிய இடங்களில் சக்கரம் புதையும் மணல்.

இதை எண்ணாகச் சொன்னால், மேற்கே மணிக்கு 16 முதல் 18 கி.மீ. போனவர் இங்கே நல்ல இடங்களில் 12, வெறும் ஜல்லியில் 7 அல்லது 8, மணலில் இறங்கித் தள்ளும்போது 3 அல்லது 4 என்று போவார். இது ஆய்வுக் கணக்கல்ல, சுமையோடு ஓட்டுபவர்களுடன் போய்க் கண்ட அளவு; ஆளுக்கு ஆள் மாறும். கிட்டிடாஸிலிருந்து டீகோ வரை சுற்றுவழிகளையும் சேர்த்தால் 300 கி.மீ.க்கு மேல் வரும். நாளொன்றுக்கு 75, 80 கி.மீ. என்பது காகிதத்தில் எளிது. தரையில் அது சேணத்தில் மட்டும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது, பஞ்சரும் வாயிற்கதவுகளும் வழி தேடுவதும் அதில் சேரவில்லை. பராமரிப்பு வண்டிகள் போய்ப்போய் விழுந்த இரட்டைத் தடம் பல இடங்களில் உண்டு. அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போவது நடுமேட்டில் போவதைவிட எப்போதும் நல்லது. கண் மட்டும் கொஞ்சம் முன்னாலேயே இருக்கட்டும்: துருப்பிடித்த தண்டவாள ஆணிகளும் இரும்புத் தகடுகளும் ஜல்லிக்குள் பாதி புதைந்து கிடக்கும், அவை டயரின் பக்கச்சுவரைக் கிழித்தால் எந்தப் பசையும் அடைக்காது.

டயரைப் பற்றி என் பரிந்துரை திட்டவட்டமானது. 50 மி.மீ.க்குக் குறைந்த டயரோடு கொலம்பியா ஆற்றைத் தாண்ட வேண்டாம், 55 மி.மீ. அகலம் இருந்தால் இன்னும் நல்லது. டியூப் இல்லாமல், உள்ளே அடைப்புப் பசை ஊற்றி, சுமையைப் பொறுத்து 22 முதல் 28 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஓட்டலாம். சஸ்பென்ஷன் இருந்தால் கை தப்பிக்கும், ஆனால் அது அவசியம் என்று சொல்லமாட்டேன், அகலம்தான் அவசியம்.

கிட்டிடாஸைக் கடந்ததும் ரென்ஸ்லோ இரும்புப் பாலத்தின் மேலேறி ஐ-90 நெடுஞ்சாலையைக் கடப்பீர்கள். அதன் பிறகு ராணுவத்தின் யாக்கிமா பயிற்சி மையத்துக்குள் முப்பது கி.மீ.க்கும் மேலாகப் பாதை செல்கிறது. நுழையும் இடத்தில் பலகையில் உள்ள விதிகளைப் படித்து, பதிவு கேட்டால் பதிந்துவிட்டே போக வேண்டும். உள்ளே கூடாரம் போடக் கூடாது. பாதையை விட்டு இறங்கக் கூடாது. இரண்டாவது விதி வெறும் சம்பிரதாயம் அல்ல. அது பீரங்கிப் பயிற்சி நிலம், வெடிக்காத குண்டுகள் புதரில் கிடக்கக்கூடிய இடம். உள்ளே குடிநீர் கிடையாது, நிழல் என்று சொல்லத்தக்கது எதுவும் கிடையாது. ஆகவே அந்தப் பகுதியை ஒரே பகலில் கடந்தாக வேண்டும். விடியலில் கிட்டிடாஸை விட்டுக் கிளம்பாதவர் அதைத் தொடக்கூடாது என்பேன்.

அங்கே பாய்ல்ஸ்டன் என்னும் உச்சியில் ஒரு சுரங்கம் மூடப்பட்டிருக்கிறது. மேலே ஏறி இறங்கும் குறுகிய மாற்றுவழி ஒன்று இருக்கிறது, செங்குத்தானது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். வேலியைத் தாண்டி உள்ளே போனால் பத்து நிமிடம் மிச்சமாகுமே என்று தோன்றும். பலர் போயிருக்கிறார்கள் என்றும் கேள்விப்படுவீர்கள். இதில் மட்டும் பொறியாளன் என்ற முறையில் கண்டிப்பாகப் பேசுகிறேன். ரயில் ஓடிய காலத்தில் சுரங்கத்தை ஆட்கள் தவறாமல் சுற்றிப் பார்ப்பார்கள். கூரையில் தளர்ந்த கல்லைக் கடப்பாரையால் நெம்பிக் கீழே தள்ளுவது அன்றாட வேலை. அது நின்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. குளிர்காலத்தில் பாறை இடுக்கில் புகுந்த நீர் உறைந்து விரியும்போது ஒவ்வோர் ஆண்டும் இடுக்கு சற்று அகலும். மரச்சட்டம் தாங்கும் கூரையாக இருந்தால் அந்த மரம் உளுத்துக்கொண்டே வரும். கல் விழப்போகும் நாளை வெளியே நின்று பார்த்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. நேற்று ஒருவர் பத்திரமாகப் போய்வந்தார் என்பது இன்றைக்குச் சான்றாகாது. மேற்கே நீங்கள் கடந்த 3.7 கி.மீ. நீள ஸ்னோக்வால்மி சுரங்கம் இருட்டாக இருந்தாலும் பராமரிக்கப்படுவது. அந்த அனுபவத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

உச்சியிலிருந்து ஆற்றங்கரை வரை சுமார் 30 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ 600 மீட்டர் இறக்கம். ரயில் கணக்கில் இது கடும் சரிவு. எதிர்த்திசையில் வந்த சரக்கு ரயில்களுக்குத் துணை எஞ்சின் பூட்டுவார்கள். உங்களுக்கு இது சாதகம்தான், ஆனால் மணலிலும் ஜல்லியிலும் இறங்கும்போது முன் பிரேக்கை இழுத்துப் பிடித்தால் சக்கரம் மடங்கிவிடும். காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்தே அடிக்கிறது. ஆகவே மேற்கிலிருந்து கிழக்காகப் போகலாம் என்ற உங்கள் திட்டத்தில் எனக்கு முழு உடன்பாடு. டீகோவில் தொடங்கி மேற்கே வர நினைப்பவர்களுக்கு ஏறுமுகமும் எதிர்காற்றும் இங்கேதான் சேர்ந்து காத்திருக்கும்.

பெவர்லி பாலம் இந்தப் பாதையின் பெரிய நல்ல செய்தி. கொலம்பியா ஆற்றின் மேல் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம் கொண்ட இந்தப் பழைய ரயில் பாலம் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 2014-இல் அதன் மரத்தளம் தீப்பிடித்தது. பிறகு கான்கிரீட் தளமும் கைப்பிடியும் அமைத்து 2022-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்தார்கள். அதற்கு முன் வடக்கே வான்டேஜுக்குப் போய், ஐ-90 பாலத்தைக் கடக்க ஒரு வண்டிக்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. பழைய பயணக் குறிப்புகள் பல அந்தக் காலத்தவை. பாலம் இல்லை என்று எழுதியிருந்தால் அந்தக் குறிப்பின் மற்றத் தகவல்களும் பழையவை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் மேல் பள்ளத்தாக்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும். கூடாரமும் பையும் கட்டிய சைக்கிளில் இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிறிய பாலங்களும் மதகுகளும்தான் எனக்கு அதிகக் கவலை தருபவை. ரயில் பாலத்தில் பெரும்பாலும் தளம் என்று ஒன்று கிடையாது. இரும்பு உத்தரத்தின் மேல் நேராகக் கட்டைகள் இருக்கும், கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கீழே ஓடும் நீர் தெரியும். கைப்பிடியும் இருக்காது. அவற்றில் தளம் போட்டு முடித்தவை உண்டு, போடாதவையும் உண்டு. மண்மேட்டுக்கு அடியில் செல்லும் மதகு அடைத்துக்கொண்டால் அடுத்த பெருமழையில் நீர் மேட்டையே அறுத்துக்கொண்டு போகும். மேலே ஓட்டிவருபவருக்கு, இரண்டு மீட்டர் அகலத்துக்கு நேர்ச்செங்குத்தான பள்ளம் திடீரென்று முன்னால் நிற்கும். இதனால்தான் கிழக்குப் பகுதியில் அந்தி சாய்ந்த பிறகு ஓட்டாதீர்கள் என்கிறேன். விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் பள்ளத்தின் விளிம்பு ஜல்லியின் நிறத்தில்தான் தெரியும்.

கிளம்பும் முன் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு, பலரும் செய்வதில்லை. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, தடத்தின் கோட்டைக் கிழக்கு நோக்கிப் பொறுமையாகத் தொடருங்கள். சாம்பல் நிறக் கோடு என்றால் மூடப்படாத ஜல்லி. மணல் நிறம் அல்லது இரட்டை வரி என்றால் வண்டி ஓடிய தரை. குன்றை வெட்டிய இடத்தில் கோட்டின் மேலேயே பச்சை தெரிந்தால் பக்கக் கால்வாய் தூர்ந்து வெட்டுக்குள் நீர் தேங்குகிறது என்று பொருள். கோடை முடிவில் அது காய்ந்திருக்கலாம், வசந்தத்தில் முழங்கால் அளவு சேறு. கோட்டைக் குறுக்கே ஓர் ஓடை வெட்டி, அங்கே நிழல் விழாமல் இருந்தால் பாலம் இல்லை. பக்கத்து வயலின் உழவு வரிகள் கோட்டின் மேலேயே ஏறிப்போயிருந்தால் அந்த இடத்தில் தடம் என்று ஒன்று மிஞ்சவில்லை, நிலம் விவசாயியுடையது. படம் எடுத்த தேதியையும் பாருங்கள். இந்த வாசிப்பில் என்னால் பெரும்பாலும் சரியாகச் சொல்ல முடிவது தரையையும் நீரையும் பற்றித்தான்; யாருடைய நிலம் என்பதைப் படம் காட்டாது, அதற்கு மாநிலப் பூங்காத் துறை வெளியிடும் வரைபடமும் சுற்றுவழிக் குறிப்புகளும்தான் ஆதாரம்.

அந்த மூன்றாவது வகைக்கு வருகிறேன். ஆற்றைத் தாண்டியதும் சேடில் மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில், கிராப் கிரீக் ஓடையை ஒட்டிச் செல்லும் பகுதி அழகானது, ஓட்டவும் முடியும். அதன் பிறகு ஒதெல்லோ, வார்டன் சுற்றுவட்டாரத்தில் தண்டவாளம் இன்னும் கிடக்கிறது, சரக்கு ரயிலுக்கானது. அங்கே பாதையே கிடையாது. மாவட்டச் சாலைகளில் சுற்றிப் போய் மறுபடி தடத்தில் சேர வேண்டும். லிண்ட் ஊருக்குக் கிழக்கேயும், ராக் லேக் ஏரியை ஒட்டியும் தனியார் துண்டுகள் குறுக்கிடுகின்றன. ராக் லேக் கரையில் பாறைச்சரிவும் பழைய சுரங்கங்களும் வேறு இருக்கின்றன. பனியுகத்தின் இறுதியில் மிசௌலா பெருவெள்ளங்கள் குடைந்துவிட்டுப் போன பசால்ட் பள்ளத்தாக்கு அது, ரயில்காரர்கள் ஏரிக்கும் பாறைக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டுதான் தடம் போட்டார்கள். படங்களில் பார்த்து அந்த ஏரிக்கரைக்காகவே வருபவர்கள் உண்டு. மனம் வலித்தாலும் அறிவிக்கப்பட்ட சாலைச் சுற்றுவழியிலேயே போங்கள்.

இதை நான் வெறும் சட்டப் பயத்தில் சொல்லவில்லை. கிழக்குப் பகுதியில் பாதை நிலைத்திருப்பது அக்கம்பக்க விவசாயிகளின் பொறுமையைச் சார்ந்தது. திறந்துவிட்டுப் போன கதவு, தப்பிப்போன மாடு, காய்ந்த கோதுமை வயலருகே மூட்டிய அடுப்பு எல்லாம் அவர்கள் நினைவில் நிற்கும். 2015-இல் மாநில வரவுசெலவுச் சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்துக் கிழக்குப் பாதையின் பெரும்பகுதியை மூடிவிடவே முயற்சி நடந்தது. அந்த வரியில் நேர்ந்த எழுத்துப் பிழையால்தான் அது செல்லாமல் போயிற்று. ஒரு பாதை அச்சுப்பிழையால் பிழைத்தது என்பது வேறெங்கும் கேட்டறியாத கதை. எனவே கதவு மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். கிழக்குப் பகுதிக்கு முன்பு அனுமதிச் சீட்டு கேட்பார்கள். இந்த நடைமுறை மாறி மாறி வருவது, ஆகவே போகும் வாரத்தில் பூங்காத் துறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டுவிடுங்கள். அப்போதே எந்தப் பாலம் மூடியிருக்கிறது, எங்கே மண் அரித்திருக்கிறது என்றும் கேட்டுவிடலாம். அதற்கு என் பதிலைவிட அவர்கள் பதில்தான் புதியது.

நெருஞ்சியைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் அரைகுறையாகிவிடும். நமக்கெல்லாம் தெரிந்த அதே தரையோடு படரும் நெருஞ்சிதான். ஐந்திதழ் மஞ்சள் பூ, எதிரெதிராக அடுக்கிய சின்ன இலைகள். அங்கே அது வந்தேறிக் களை, மாநில அரசின் தீய களைகள் பட்டியலில் இருக்கிறது. காய் முற்றியதும் ஐந்து துண்டாக உடையும். ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: கொம்பு போல இரண்டு நீண்ட முள், எப்படிப் போட்டாலும் ஒன்று மேலே பார்த்தபடி நிற்கும். கிளறிவிட்ட வறண்ட மண்ணில்தான் அது செழிக்கும் என்பதால், வாயிற்கதவின் முன், சாலை குறுக்கிடும் இடம், வண்டி நிறுத்துமிடம் என்று நாம் இறங்கி நிற்கும் இடங்களிலேயே அடர்த்தியாக இருக்கும். பாதையின் நடுவில் ஓட்டிக்கொண்டிருக்கும்வரை குறைவு. ஆகவே கதவருகே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகாமல் தூக்கிக் கடத்துங்கள். ஓரமாகச் சாய்த்து வைக்காதீர்கள். பசை ஊற்றிய டயரில் முள் குத்தினால் பிடுங்கி, துளையைக் கீழ்ப்பக்கமாக வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் பெரும்பாலும் அடைத்துக்கொள்ளும். டியூப் போட்ட டயரோடு ஆகஸ்டில், காய் முற்றும் பருவத்தில் போனால், ஒட்டுப்போட்டே பொழுது போய்விடும். கூடுதல் பசைக் குப்பி ஒன்றும், வேறு வழியில்லாதபோது போட டியூப் இரண்டும் ஆளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். டியூபைப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி ஒவ்வொரு முள்முனையையும் எடுத்தாக வேண்டும், ஒன்று மிஞ்சினாலும் புது டியூப் பத்து நிமிடம் தாங்காது.

ஆகஸ்டை வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் தண்ணீர். அந்தச் சமவெளியில் கோடையில் 38 டிகிரியைத் தாண்டுவது அரிதல்ல. அந்த வெயிலில் நாள் முழுக்க மிதிப்பவருக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு லிட்டர் என்றால் எட்டு கிலோ, அந்த எடை மணலில் உங்களை இன்னும் ஆழமாகப் புதைக்கும். வழியில் தெரியும் நீரை நம்பவும் முடியாது. கிராப் கிரீக்கில் ஓடுவதில் பெரும்பங்கு பாசன வயல்களிலிருந்து திரும்பும் வடிநீர். பயணிகள் கொண்டுபோகும் வடிகட்டி கிருமியைத் தடுக்கும், நீரில் கரைந்த உரத்தையும் பூச்சிமருந்தையும் தடுக்காது. கான்கிரீட் பூசிய பாசனக் கால்வாய்களில் இறங்கவே இறங்காதீர்கள். சரிந்த வழுக்குச் சுவர், வேகமான நீர், இறங்கியவர் ஏற முடியாது. இரண்டாவது காரணம் தீ. 2020 செப்டம்பரில் இந்தப் பாதை செல்லும் மால்டன் என்ற சிற்றூர் காற்றில் பரவிய தீயில் ஒரே பிற்பகலில் பெரும்பாலும் எரிந்துபோனது. புல்தீ சைக்கிளைவிட வேகமாக வரும். கைபேசிச் சமிக்ஞை கிடைக்காத பள்ளத்தாக்குகள் இடையிடையே இருப்பதால், செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்று இருவருக்கும் சேர்த்தாவது வேண்டும். பாறைப் பகுதியில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு என்பதையும் சொல்லிவைக்கிறேன். கண்ட இடத்தில் உட்காராமல், கல் இடுக்கில் கைவிடாமல் இருந்தால் அதனால் தொந்தரவு வருவது குறைவு.

சைக்கிளை விட்டுவிட்டு நடந்தே போனால் என்ன என்று உங்கள் நண்பர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பஞ்சர் கவலை போகும், மாற்றுவழிகளில் ஏறுவது எளிதாகும், அவ்வளவுதான். ஜல்லி மேல் நாள் முழுக்க நடப்பது கணுக்காலுக்குப் பெரும் சோதனை, தண்ணீர் கிடைக்கும் இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவோ ஒரு நாள் நடைக்குள் அடங்காது. கிழக்குப் பகுதி சக்கரத்துக்கோ குதிரைக்கோ ஏற்றது.

நான்கு நாள்தான் உண்டு, ஆகஸ்டை மாற்றவும் முடியாது என்றால், டீகோவை மறந்துவிட்டு, முதல் நாள் விடியலில் கிட்டிடாஸிலிருந்து கிளம்பிப் பெவர்லி பாலத்தைக் கடந்து கிழக்குக் கரையில் தங்கி, இரண்டாம் நாள் கிராப் கிரீக் வழியே ஒதெல்லோ வரை வந்து, அங்கே வண்டி வரச்சொல்லி முடித்துக்கொள்வேன். மிச்ச இரண்டு நாளில் ரோசாலியாவுக்குக் காரில் போய், அங்கிருந்து டீகோ வரை உள்ள பகுதியைத் தனியாக ஓட்டுவேன். ரோசாலியாவின் கான்கிரீட் வளைவுப் பாலமும் டீகோவின் உயரமான இரும்புப் பாலமும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. தேதியை மாற்ற முடியுமானால் மே மாதமோ செப்டம்பர் இறுதியோ பாருங்கள், ஏழு நாள் ஒதுக்குங்கள், முழுத் தொலைவையும் முயலலாம். மே மாதத்தில் வெட்டுகளில் சேறு இருக்கும், ஆனால் நெருஞ்சி இன்னும் காய்த்திருக்காது. நான் என்றால் மேயைத்தான் எடுப்பேன். அதற்கு முன் உங்கள் ஃபோர்க்கிலும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) பின்சட்டத்திலும் டயரின் இருபக்கமும் எவ்வளவு இடைவெளி மிச்சமிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். 40 போட்டபின் பக்கத்துக்கு ஏழு எட்டு மில்லிமீட்டர்கூட மிஞ்சாத சட்டமாக இருந்தால் 50 அதில் ஏறாது, அப்போது சைக்கிளை வாடகைக்கு எடுப்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.